கன்னிப் பெட்டிக்குள் ஒரு ராணி

கும்பிட்டுக் கும்பிட்டே ஒரு முகத்தை அழித்த குடும்பம் என்னுடையது. இதைப் படித்தால் ராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணனுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு ஆடி மாதத்திலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். தாத்தா கட்டிய வீட்டில் இப்போது இருப்பவன் அவன்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிற சர்க்கரைக்காரர்கள் கையில் ஊசி குத்துவது என் பிழைப்பு. சித்திரை மாதத்து வெயிலில் ஒரு நாள், கூட்டம் ஓய்ந்த பிறகு, தோள்பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். சென்னையிலிருந்து வருகிறேன், ரத்தம் கொடுக்க வரவில்லை, ஒரு சினிமாப் படத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றாள்.

பேசாத படம். பேசும் படம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி எடுத்தது. நாயக்கர் காலத்து ராணி ஒருத்தியின் சரித்திரம். அதை முதலில் நாடகமாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்; கம்பெனி நாடகம், ஊர் ஊராகக் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் நடக்கும். பிறகு அதையே படமாக எடுத்தார்கள். அந்தப் படத்தின் சுருள் இன்றைக்கு எங்கேயும் இல்லை. பழைய சுருளைக் கழுவினால் வெள்ளி தேறும் என்று விற்றுத் தின்றவர்கள் உண்டாம். சும்மா வைத்திருந்தாலே தீப்பிடிக்கும் ஜாதி ஃபிலிம் அது என்றும் சொன்னாள். ஒரு துண்டு ஃபிலிம் கிடையாது, ஒரு போட்டோ கிடையாது.

"ஒரே ஒரு ஸ்டில் கிடைச்சாக்கூடப் போதும்க்கா. அந்த ராணியா நடிச்சவங்க இந்த ஊர்லதான் கடைசி வரைக்கும் இருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். தெருவுல விசாரிச்சா உங்களுக்குச் சொந்தம்னு சொல்றாங்க."

சொந்தம்தான். என் அப்பாவின் அத்தை. தாத்தாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் கேட்கிற ஸ்டில்லும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ராணி வேஷத்தில், கிரீடம் வைத்து, ஒரு கையைக் கோட்டைச் சுவரில் ஊன்றி நிற்கிற படம். சின்னப் பிள்ளையில் வருஷம் தவறாமல் பார்த்திருக்கிறேன். கண்ணில் மை கொஞ்சம் அதிகமாக இருக்கும். பார்க்கிறவரை இவன் யாரடா என்று கேட்பதுபோல ஒரு பார்வை. அந்தப் பார்வைக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

"இருக்கு," என்றேன். "ஆனா சாமி பெட்டிக்குள்ள இருக்கு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுபோனது.

எங்கள் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னி என்று கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டிக்குள் அவளுக்கு ஒரு சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து வீட்டின் ஒரு மூலையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள் வீட்டில் ஆடி வெள்ளி, பெட்டியை இறக்கிப் புதுச்சேலை வைத்துப் பொங்கலிட்டுப் படைப்பார்கள். மற்ற நாளில் அதை யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டுக் கன்னி தண்ணீர் எடுக்கப் போய்க் கிணற்றில் விழுந்து செத்தவள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

அவள் எந்தக் கிணற்றிலும் விழவில்லை. ராஜபாளையத்தில் நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தபோது தினமும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அந்த ராணி நாடகத்தை முழுக்கப் பாடமாக்கியிருக்கிறாள். நல்ல குரலாம். வயலில் பாடினால் வரப்பில் போகிறவர்கள் நின்று கேட்பார்களாம். மேடையில் ராணியாக ஆண்பிள்ளைதான் நடித்துக்கொண்டிருந்தான். படம் எடுக்க வந்தவர்களுக்கு அது சரிப்படவில்லை. காமிராவைப் பக்கத்தில் கொண்டுபோனால் சவரம் செய்த தாடை தெரிந்திருக்கிறது. பெண் வேண்டும் என்று தேடினார்கள். இவள் புறப்பட்டுவிட்டாள். யாரையும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை. நடிக்கப் போனாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

அதிலும் என்ன வயிற்றெரிச்சல் பாருங்கள். அவளிடம் இருந்ததே குரல்தான். படமோ பேசாத படம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்திருக்கிறாள். பிற்பாடு பேசும் படம் வந்து ஊரெல்லாம் பாட்டாகக் கிடந்தபோது, இவளைக் கூட்டிப்போனவர்கள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டுத் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். இவளைத் தேடி ஒருத்தரும் வரவில்லை.

படம் ராஜபாளையத்துக்குக் கூடாரக் கொட்டகையில் வந்தபோது தாத்தா போயிருக்கிறார். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்வானாம். இதோ ராணி வருகிறாள் பாருங்கள் என்று அவன் கத்த, கொட்டகையில் இருந்த நம் ஊர்க்காரன் ஒருவன், ஏலே, இது நம்ம இன்னார் தங்கச்சில்லா என்று தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கூவியிருக்கிறான். தாத்தா பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நின்று தலைமுழுகினார். இனி அவள் கிணற்றில் விழுந்து செத்தவள் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டார். ஊருக்கும் அதையே சொன்னார். ஊரும் ஒப்புக்கொண்டது. திரையில் பார்த்தவன்கூட ஒப்புக்கொண்டான். நிலபுலம் உள்ள ஆள் சொன்னால் எதிர்த்து யார் பேசுவார்கள்? அவள் ஆசையாகக் கொடுத்தனுப்பிய ராணி போட்டோவை அவர் குப்பையில் எறிய, யாரோ ஒரு பெண்பிள்ளை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். அது யாரென்று தெரிந்தால் காலில் விழுவேன்.

அப்புறம் நடந்ததுதான் எங்கள் வீட்டாருக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. வீட்டில் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல், மாடு ஒன்று செத்தது. கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்டார்கள். கிணற்றுக் கதை ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? உடுக்கையை அடித்து, உங்க வீட்டுக் கன்னி கட்டுச்சேலை இல்லாம வாசல்ல நிக்கா, அவளை உள்ளே கூப்பிட்டுப் பெட்டி வையுங்க என்று சொல்லிவிட்டார். தாத்தா என்ன செய்வார்? அவள் சாகவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லலாம். சொன்னால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகும். ஆகவே உயிரோடு இருந்த தங்கைக்குப் பெட்டி வைத்துச் சேலை எடுத்துச் சாமியாக்கிவிட்டார். அரிசிப் பானையிலிருந்த போட்டோ பெட்டிக்குள் வந்தது. கிரீடம் வைத்த படம், சாமிக்குப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு அப்பா சொல்லித் தெரியும். அப்பா பஸ் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வழியாகச் சேத்தூர் போகிற வண்டி. அத்தை அந்த வண்டியில்தான் அடிக்கடி போவாள். சேத்தூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆண்டு விழா நாடகம் சொல்லிக்கொடுக்கிற வேலை. வண்டி ராஜபாளையத்தில் அவள் பிறந்த தெருவைத் தாண்டித்தான் போகும். அவள் இறங்கினதில்லை.

"நீங்க பேசவே மாட்டீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறேன்.

"என்னத்தப் பேச? அவிய சேத்தூருக்கு ஒண்ணு குடும்பாக. நான் கிழிச்சுக் குடுப்பேன். அம்புட்டுதான்."

"அத்தைன்னு தெரியும்ல?"

"எனக்கும் தெரியும், அவியளுக்கும் தெரியும்."

ஓர் ஆடி வெள்ளிக்கு, வீட்டில் படைத்த பொங்கலைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார் அப்பா. டிரைவருக்குக் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் இருந்தவர்களுக்கும் இலையில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அவளும் கை நீட்டி வாங்கியிருக்கிறாள். என்ன விசேஷம் என்று கேட்டாளாம். வீட்டுல கன்னிக்குப் படைச்சோம் என்று இவர் சொன்னாராம். எந்தக் கன்னி என்று கேட்டாளாம். கெணத்துல விழுந்தவிய என்று சொல்லியிருக்கிறார் இந்த மனுஷன், நேருக்கு நேராக, அவள் முகத்தைப் பார்த்து. அவள் பொங்கலைத் தின்று முடித்து, இலையை ஜன்னல் வழியே போட்டுவிட்டு, "வெல்லம் கொஞ்சம் கம்மி, அடுத்த வருசம் கூடப் போடச் சொல்லு" என்றாளாம்.

அப்பா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தனக்குப் படைத்த படையலைத் தானே தின்றவள் உலகத்தில் வேறு யாரும் உண்டா? அவள் செத்தபோது தெருக்காரர்கள்தான் எடுத்துப் போட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போகவில்லை. செத்தவள் எப்படி மறுபடி சாவாள்? அப்பா அன்றைக்கும் வண்டிக்குத்தான் போனார்.

இதையெல்லாம் அந்தச் சென்னைப் பெண் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, அந்தப் போட்டோவை ஒரு தரம் செல்போனில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தொலைந்துபோன ஒரு படத்தில் மிச்சம் இருக்கிற ஒரே முகம் எங்கள் வீட்டு மோட்டுவளையில் தொங்குகிறது. அதை எப்படியும் வாங்கிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். நாங்கள் அவளுக்குச் செய்ததற்கெல்லாம் இதையாவது செய்யலாம் என்று இருந்தது.

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் காதில் வாங்கவே இல்லை.

"ஆடியிலதான் பெட்டி எறங்கும். நடுவுல தொட்டா வீட்டுக்கு ஆகாது. ஒனக்குத் தெரியாதா?"

"ஒரு போட்டோதானண்ணே. எடுத்துட்டுத் திரும்ப வச்சுருவேன்."

"ஏட்டி, நீ கட்டிக்குடுத்த பிள்ள. ஒனக்கு இந்தப் பெட்டியில என்ன பாத்தியதை?"

அதுதான் எங்கள் வழக்கம். வீட்டில் பிறந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டால் கன்னிப் படையலுக்குக் கூப்பிட மாட்டார்கள். வீட்டுக்கு வந்த மருமகள்தான் பெட்டியைத் தொட்டுச் செய்வாள். ஆகவே கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்தப் போட்டோவைப் பார்த்ததே கிடையாது. சண்டை போட்டேன், அழுதேன், பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் அண்ணன், ஆடி வெள்ளிக்கு வா, தூரமாக நின்று எடுத்துக்கொள் என்று அரைமனதாகச் சொன்னான். சென்னைப் பெண்ணுக்குப் போன் போட்டு ஆடி வரைக்கும் பொறு என்றேன். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் தேடாமல் கிடந்த படம், இன்னும் செத்த நேரம் பொறுக்காதா என்று விளையாட்டாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆடி வெள்ளி வந்தது. நானும் அவளும் போய் முற்றத்தில் நின்றோம். பெட்டி இறங்கியது. மதினி, அண்ணன் பெண்டாட்டி, ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து பழைய சேலையை எடுத்து வெளியே வைத்தாள். வளையல்களை எடுத்தாள். பிறகு போட்டோவை எடுத்து மனைப்பலகையில் சாய்த்து வைத்தாள்.

கிரீடம் இருந்தது. தோளில் பதக்கம் இருந்தது. சுவரில் ஊன்றிய கை, விரல் விரலாகத் தெரிந்தது. பின்னால் துணியில் வரைந்த கோட்டையும் ஈட்டி பிடித்த காவல்காரனின் பாதி உடம்பும் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வறட்டி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனம், அதன்மேல் மஞ்சள், அதன்மேல் குங்குமம், வருஷா வருஷம் ஏறி ஏறிக் கெட்டித்துப்போயிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட படத்துக்குப் பொட்டு வைத்தால் கண்ணாடியில் இருக்கும். இது வெறும் அட்டை. ஒவ்வொரு ஆடிக்கும் ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறார்கள். துடைக்கத் துடைக்க நெற்றி அழிந்திருக்கிறது. நெற்றி போனதும் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறார்கள். அதுவும் போனதும் இன்னும் கீழே. நான் சின்னப் பிள்ளையில் பார்த்த அந்தக் கண்கள் எந்த வருஷத்துத் துடைப்பில் போயினவோ.

மதினி சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்தாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"என்ன செய்த? கையை விடு!" என்று அண்ணன் கத்தினான்.

"முகத்தையே அழிச்சுட்டீங்களே! கண்ணு அவிஞ்சா போச்சு எல்லாருக்கும்?"

"சாமிக்குப் பொட்டு வைக்காம இருக்க முடியுமா?"

"எவ சாமி? நம்ம தாத்தா தங்கச்சி. கெணத்துலயும் விழல, மண்ணுலயும் விழல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தா. எங்கப்பா பஸ்ஸுல டிக்கெட்டு வாங்கிட்டுப் போனா. நீங்க இங்க பொங்கல் வச்சுட்டிருந்தப்ப அவ அங்க உசுரோட இருந்தா!"

வீட்டில் அண்ணன் மகள்கள் இருந்தார்கள், பங்காளி வீட்டு ஆட்கள் இருந்தார்கள். நான் வெடிகுண்டு போட்டுவிட்டதாக நினைத்தேன். ஒருத்தர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. மதினி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள். "நான் வாழ வந்த வருசமே எங்க மாமியா சொல்லிட்டாக. இது எல்லாருக்கும் தெரியும். அதுக்காவ ஆடிக்குப் படைக்காம இருக்க முடியுமா?"

நான் மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறேன் என்று எண்ணி இத்தனை காலம் நெஞ்சில் வைத்துப் பொசுங்கியதை, இவர்கள் காய்கறி விலை மாதிரிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தெரியாமல் கும்பிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறார்கள். தெரிந்தே துடைத்திருக்கிறார்கள்.

அண்ணனுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்சம் தணிந்த குரலில், "முகந்தான வேணும்? நம்ம பஜார்ல ஃப்ளெக்ஸ் அடிக்கிற பய ஒருத்தன் இருக்கான். கம்ப்யூட்டர்ல புதுசா முகம் வச்சுக் குடுத்துருவான். எங்கப்பா படத்துக்குக்கூட மீசை வச்சுக் குடுத்தான். நம்ம சின்னவ முகத்தையே வச்சாலும் சாடை பொருந்தும்," என்றான்.

உண்மையாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கையில் எது இருந்தாலும் எறிந்திருப்பேன். நல்லவேளை, செல்போன்தான் இருந்தது.

அந்தச் சென்னைப் பெண் மட்டும் சத்தம் போடவில்லை. மனைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, முகம் இல்லாத அந்தப் போட்டோவைப் பல பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாள். அவள் எடுத்து முடித்ததும் மதினி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இந்த வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் வறட்டியின் மேல் ஏறின. நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். பொங்கலையாவது வாங்கிக்கொண்டு போ என்று அண்ணன் தெருமுனை வரைக்கும் வந்து கூப்பிட்டான்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"கிரீடமும் செட்டும் கிடைச்சதே பெரிய விஷயம்க்கா. முகம் போனாப் போகட்டும். படத்துக்குக் கீழ அவங்க பேரைப் போட்டுட்டா போதும், இந்தப் படத்துல இவங்க நடிச்சாங்கன்னு நின்னுரும். அவங்க பேர் என்ன?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்பா எங்க அத்தை என்பார். வீட்டில் கன்னி என்பார்கள். தாத்தா தலைமுழுகின நாளிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று இருந்திருக்கிறது. எந்தப் பெண் குழந்தைக்கும் அதை வைக்கவில்லை. அப்பாவிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்கவில்லை. அப்பா இப்போது இல்லை.

அவள் குடியிருந்த தெருவில் போய் விசாரித்தேன். வயதான ஓர் அம்மாள் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். "ராணியம்மான்னுதான் கூப்பிடுவோம். பேரு கேட்டா, அதுதான் என் பேருன்னு சிரிப்பாக," என்றார். அது அவள் போட்ட வேஷத்தின் பெயர்தானே. சேத்தூரில் அவளிடம் நாடகம் படித்தவர்களுக்கு அவள் டீச்சர்.

கடைசியில் மானத்தை விட்டு அண்ணனுக்கே போன் செய்தேன். ஆடிக்குப் பிறகு அன்றுதான் பேசினோம்.

"அண்ணே, அவிய பேரு என்ன?"

"எவிய பேரு?"

"கன்னியோட பேரு."

பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"சாமிக்கு எதுக்குட்டி பேரு?" என்றான்.

"தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியாது," என்றான். முதல்முறையாக அவன் குரலில் அதட்டல் இல்லை. "எங்கப்பாவும் சொன்னதில்ல. எப்பவும் தாயேன்னுதான் கும்பிடுதோம்."

சென்னைப் பெண்ணுக்கு அதைச் சொன்னேன். பெயர் தெரியாத நடிகை என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று தயங்கிக் கேட்டாள். போட்டுக்கொள் என்றேன். வேறென்ன சொல்ல?

இதில் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அண்ணன் பெயரை, அப்பா பெயரை, தாத்தா பெயரை எல்லாம் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். அவர்கள் மானம் அவர்களுக்கு. அவள் பெயரை நான் விடவில்லை. அது என்னிடம் இல்லை.